முதல் ரேங்க் யாருக்கு? முதலில் விடைத்தாளைக் காட்டுங்கள்!



பதிவு நீளம். பொறுமையாகப் படியுங்கள். வகுப்பில் கொட்டாவி விட்டவர்கள் இங்கே தாராளமாக விடலாம், எனக்குத் தெரியப் போவதில்லை.

நம் பழைய மாணவர் வாட்ஸ்அப் குழுவில் மூன்று நாளாக ஒரு சண்டை நடக்கிறது. யாரோ ஒரு பழைய படத்தைப் போட்டுவிட்டார்கள். நிதி ஆயோக் 2022 ஏப்ரலில் வெளியிட்ட மாநில எரிசக்தி, பருவநிலைக் குறியீடு. பெரிய மாநிலங்களில் குஜராத் முதலிடம், கேரளம் இரண்டு, பஞ்சாப் மூன்று. கடைசி இடம் சத்தீஸ்கர். உடனே ஒரு கட்சி "பார்த்தீர்களா, நாம் முதல் மூன்றில் கூட இல்லை" என்கிறது. இன்னொரு கட்சி "டில்லிக்காரன் போட்ட மார்க், அப்படித்தான் இருக்கும்" என்கிறது. இரண்டு கட்சியிலும் என் பிள்ளைகள் இருக்கிறார்கள். நான் இரண்டிலும் இல்லை.

34 வருடம் கணக்குப் பாடம் நடத்தியவன் நான். மார்க் போடுவது என் தொழில். அந்தத் தொழில் தெரிந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: நீங்கள் சண்டை போட வேண்டியது யார் முதல் என்பதற்காக இல்லை. மூன்று வேறு பாடங்களின் மார்க்கைக் கூட்டி ஒரே எண்ணாக்கி, அதை மாநிலத்தின் நெற்றியில் ஒட்டுகிறார்களே, அந்த முறையோடு சண்டை போடுங்கள்.

மூன்று பாடம் எது? உலகம் முழுக்க இப்போது ஒத்துக்கொண்ட பாகுபாடு இது. ஒன்று, மின்சாரமும் எரிபொருளும் தட்டில்லாமல் கிடைக்கிறதா? இரண்டு, சாதாரணக் குடும்பத்துக்குக் கட்டுபடியாகிற விலையில் கிடைக்கிறதா? மூன்று, மண்ணும் நீரும் காற்றும் அடுத்த தலைமுறைக்கு மிஞ்சுகிற மாதிரி கிடைக்கிறதா? லண்டனில் இருக்கும் உலக எரிசக்தி மன்றம் 2010 முதல் நாடுகளை இந்த மூன்றை வைத்து அளக்கிறது. மூன்றும் ஒன்றையொன்று இழுக்கும் என்பதால் இதற்கு மும்முனைச் சிக்கல் என்றே பெயர். அவர்களும் ரேங்க் போடுகிறார்கள்தான். ஆனால் மூன்றுக்கும் தனித்தனி கிரேடு எழுத்தையும் பக்கத்திலேயே போட்டுவிடுகிறார்கள். நாம் ரேங்க்கை மட்டும் பிடித்துக்கொள்கிறோம்.

இப்போது கணக்குக்கு வருவோம்.

ஒரு மாணவன் மூன்று பாடத்தில் 90, 90, 10. இன்னொருவன் 60, 65, 65. இரண்டு பேருக்கும் கூட்டு 190. சராசரி 63.3. இரண்டு பேரும் சமமா? நம் பத்தாம் வகுப்புப் பரீட்சையில் என்ன சட்டம்? ஒரு பாடத்தில் 35 வாங்காவிட்டால் மற்ற பாடங்களில் நூற்றுக்கு நூறு வாங்கினாலும் ஃபெயில். அந்தச் சட்டத்தைப் போட்டவர்கள் முட்டாள்கள் இல்லை. தமிழில் எடுத்த 90 கணக்கில் வாங்கிய 10-ஐ நிரப்பாது என்று அவர்களுக்குத் தெரியும்.

ஐ.நா.வின் மனிதவள மேம்பாட்டுக் குறியீட்டுக்காரர்களுக்கும் இது உறைத்தது. 2010-இல் கூட்டுச் சராசரியை விட்டுவிட்டுப் பெருக்குச் சராசரிக்கு மாறினார்கள். பதினொன்றாம் வகுப்பில் படித்திருப்பீர்கள், மறந்திருந்தால் போட்டுப் பாருங்கள். 90, 90, 10-ஐப் பெருக்கி முப்படி மூலம் எடுத்தால் சுமார் 43. 60, 65, 65-க்குச் சுமார் 63. ஒரு காலில் நொண்டுகிறவன் இப்போது வெளியே தெரிகிறான். கூட்டிப் போட்டால் மறைகிறது, பெருக்கிப் போட்டால் தெரிகிறது. அளவுகோல் மாறியதும் ரேங்க் மாறுகிறது என்றால், அந்த ரேங்க்கில் பாதி மாணவனுடையது, பாதி வாத்தியாருடையது.

இது வெறும் கணக்கு என்று நினைக்காதீர்கள். நாம் உடம்பால் அனுபவித்தது. 2012-ஐ நினைத்துப் பாருங்கள். அந்த ஆண்டு நம் மாநிலத்துக்கு மார்க் போட்டிருந்தால் எப்படி வந்திருக்கும்? காற்றாலையில் இந்தியாவிலேயே முதலிடம், ஆரல்வாய்மொழியிலும் உடுமலைப் பக்கமும் சுமார் 7,000 மெகாவாட் நின்றது. மூன்றாம் பாடத்தில் முதல் மார்க். விவசாயத்துக்கு இலவச மின்சாரம், பெரும்பாலான வீடுகளுக்குப் பல வருடமாக ஏறாத கட்டணம், அந்த ஏப்ரலில்தான் சுமார் 37 சதவீதம் ஏற்றினார்கள். இரண்டாம் பாடத்திலும் நல்ல மார்க். முதல் பாடம்? கரண்ட் இல்லை. கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர் எல்லாம் ஒரு நாளைக்கு 12 மணி நேரத்துக்கும் மேல் இருட்டு. தறி நின்றது, லேத் நின்றது. உங்களில் எத்தனை பேர் அந்த வருடம் மெழுகுவர்த்தியில் படித்துப் பொதுத்தேர்வு எழுதினீர்கள்? தறியை எடைக்குப் போட்ட நம் சொந்தக்காரர்கள் எத்தனை பேர்? வடக்கே கொஞ்சம் மின்சாரம் இருந்தாலும் இங்கே கொண்டுவரப் போதிய வழி இல்லை. தென்னக மின்தொகுப்பு நாட்டின் மற்ற தொகுப்போடு ஒத்திசைவாக இணைந்ததே 2013 டிசம்பர் 31 அன்றுதான், ராய்ச்சூர்–சோலாப்பூர் லைன் வழியாக.

இரண்டு பாடத்தில் நல்ல மார்க், ஒன்றில் பூஜ்யம். கூட்டிச் சராசரி எடுத்தால் பாஸ். எடைக்குப் போன தறிக்கு அந்த பாஸ் என்ன பதில் சொல்லும்?

அதே 2012-இல் சென்னையில் மின்வெட்டு 2 மணி நேரம். மாநிலம் முழுவதற்கும் ஒரு சராசரி என்று போட்டால் சென்னையின் வெளிச்சம் நம் இருட்டைக் கரைத்துவிடும். மின்தடையை அளக்க எல்லா மின் நிறுவனங்களும் வைத்திருக்கும் அளவுகோல் இதுதான்: மொத்த இணைப்புகளும் இருட்டில் இருந்த நேரத்தைக் கூட்டி, இணைப்புகளின் எண்ணிக்கையால் வகுப்பது. ஒரு எடுத்துக்காட்டு போடுகிறேன். ஒரு ஊரில் 10,000 வீடு. 9,900 வீட்டுக்கு வருடத்தில் 10 மணி நேரம் கரண்ட் போகிறது. மலையடிவாரத்துக் கடைசி டிரான்ஸ்பார்மரில் இருக்கும் 100 வீட்டுக்கு 500 மணி நேரம் போகிறது. சராசரி எவ்வளவு? 14.9 மணி நேரம். அற்புதமான மார்க்! அந்த 100 வீட்டுக்காரர்கள் வருடத்தில் 20 நாளுக்கும் மேல் இருட்டில் இருந்தது எங்கே போயிற்று? வகுத்தலில் போயிற்று.

இலக்கணத்திலும் இப்படித்தான் ஏமாற்றம். 2018 ஏப்ரல் 28 அன்று மணிப்பூரின் லெய்சாங் கிராமத்துக்கு மின்சாரம் போனதும் நாட்டின் எல்லாக் கிராமமும் மின்மயமாகிவிட்டது என்று அறிவித்தார்கள். அரசு வைத்திருந்த இலக்கணம் என்ன? ஊரின் பொது இடங்களுக்கு லைன் போய், 100 வீட்டில் 10 வீட்டுக்கு இணைப்பு இருந்தால் அது மின்மயமான கிராமம். மீதி 90 வீடு? இலக்கணத்தில் இல்லை. பத்துப் பேர் வந்திருந்தால் வகுப்பு முழுக்க வருகை என்று நான் பதிவேட்டில் எழுதியிருந்தால் தலைமையாசிரியர் சும்மா விட்டிருப்பாரா?

சரி, நிதி ஆயோக் விடைத்தாளையே பார்ப்போம். ஆறு தலைப்பு, 27 அளவீடுகள். உழைத்துத்தான் செய்திருக்கிறார்கள், தலைப்புவாரியாக மார்க்கையும் தனியாகக் கொடுத்திருக்கிறார்கள், அதை மறைக்க மாட்டேன். ஆனால் எந்தத் தலைப்புக்கு எத்தனை மார்க் என்று பாருங்கள். மின் விநியோக நிறுவனங்களின் செயல்பாட்டுக்கு, அதாவது கடன், மின் இழப்பு போன்ற சமாச்சாரங்களுக்கு, 100-க்கு 40. உங்கள் வீட்டுக்கு இணைப்பு இருக்கிறதா, கட்டணம் கட்ட முடிகிறதா, கரண்ட் நிற்காமல் வருகிறதா, இந்த மூன்றுக்கும் சேர்த்து 15. சுற்றுச்சூழலுக்கு 12. கல்லாப்பெட்டிக்கு 40, குடும்பத்துக்கு 15. நிறுவனம் திவாலானால் வீட்டுக்கும் கரண்ட் வராது என்பது உண்மை, அதனால் கல்லாவுக்கு மார்க் வேண்டாம் என்று சொல்லவில்லை. 40-க்கும் 15-க்கும் நடுவே யாருடைய கண் இருக்கிறது என்று கேட்கிறேன். கேள்வித்தாளில் எதற்கு எத்தனை மார்க் என்பதை வைத்தே வாத்தியார் எதை முக்கியமாக நினைக்கிறார் என்று சொல்லிவிடலாம்.

இன்னொன்று. முதலிடம் வாங்கிய குஜராத்தின் மார்க் 50.1. கேரளம் 49.1. பஞ்சாப் 48.6. வகுப்பின் முதல் மாணவனே 50 வாங்கியிருக்கிறான், முதல் மூவருக்கும் இடையே ஒன்றரை மார்க். இதற்கா குழுவில் அத்தனை கெட்ட வார்த்தை? ஒரு அளவீட்டுக்கு எடையை லேசாக மாற்றினாலே மூவரும் இடம் மாறி உட்காருவார்கள்.

இனி நான் உண்மையிலேயே கோபப்படுகிற இடம். இதற்காகத்தான் இவ்வளவு நேரம் தட்டச்சு செய்தேன்.

கடைசி மார்க் வாங்கிய சத்தீஸ்கரைப் பாருங்கள், 31.7. மொத்தப் பட்டியலிலும் முதல் இடம் 55.7 வாங்கிய சண்டிகர். சண்டிகரில் நிலக்கரிச் சுரங்கம் இல்லை, பெரிய அனல்மின் நிலையம் இல்லை. வெளியிலிருந்து வருகிற மின்சாரத்தை வாங்கிக் கொடுக்கிறது. சத்தீஸ்கரில் கோர்பா இருக்கிறது, கெவ்ரா சுரங்கம் இருக்கிறது, சாம்பல் ஏரிகள் இருக்கின்றன. அங்கே எரிகிற நிலக்கரியின் வெளிச்சம் பல மாநிலங்களில் எரிகிறது. ஹஸ்தேவ் ஆரண்யக் காட்டைக் காப்பாற்றச் சொல்லி 2021 அக்டோபரில் ஆதிவாசி மக்கள் ராய்ப்பூர் வரை சுமார் 300 கிலோமீட்டர் நடந்தார்கள். அந்தக் காட்டில் தோண்டுகிற பர்சா கிழக்கு சுரங்கம் யாருக்கு ஒதுக்கப்பட்டது? ராஜஸ்தான் மாநில மின் உற்பத்தி நிறுவனத்துக்கு. காடு சத்தீஸ்கரில் போகிறது, கரண்ட் ராஜஸ்தானுக்குப் போகிறது.

நமக்கென்ன என்று கேட்காதீர்கள். நம் புகளூருக்கு வாருங்கள். சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து நம் கரூர் மாவட்டப் புகளூர் வரை 800 கிலோவோல்ட் நேர்மின்னோட்ட லைன் வருகிறது. சுமார் 1,760 கிலோமீட்டர். 6,000 மெகாவாட் கொண்டுவரக் கூடியது. புகளூரிலிருந்து இன்னொரு லைன் 2,000 மெகாவாட் திறனோடு கேரளத்தின் திருச்சூருக்குப் போகிறது, 2021 பிப்ரவரியில் திறந்தார்கள். காற்று அதிகமாக வீசும் மாதங்களில் நம் மின்சாரத்தை வடக்கே திருப்பி அனுப்பவும் இதே தடம் பயன்படும், நல்ல ஏற்பாடுதான், நான் எதிரி இல்லை. ஆனால் மார்க் ஷீட்டை இந்த லைனோடு சேர்த்துப் பாருங்கள். ஒரு முனையில் கரி எரித்துச் சாம்பலைச் சுமக்கிற மாநிலம், ரேங்க்கில் கடைசி. மறுமுனையில் தேவையில் பாதிக்கு மேல் வெளியில் வாங்குகிற கேரளம், ரேங்க்கில் இரண்டாவது. சத்தீஸ்கர் பின்தங்கியதற்கு அதன் சொந்தக் குறைகளும் காரணமாக இருக்கும். கேரளத்தின் நல்ல நிர்வாகத்தையும் நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் மாநில எல்லையில் கணக்கை நிறுத்தினால், அழுக்குத் துணியைப் பக்கத்து வீட்டில் துவைக்கப் போட்டவன் சுத்தக்காரன், துவைத்துக் கொடுத்தவன் அழுக்கன் என்றுதான் விடை வரும்.

நடுவில் யார் இருக்கிறார்கள்? நம் தோட்டங்கள் இருக்கின்றன. 2018 டிசம்பரில் கோவை, திருப்பூர், ஈரோடு பக்கமெல்லாம் உயர்மின் கோபுரத்துக்கு எதிராக விவசாயிகள் பட்டினி கிடந்தது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். சிலருக்கு அப்பாவோ மாமாவோ அங்கே உட்கார்ந்திருந்தார். லைன் போடுவதற்கு நிலத்தை விலைக்கு வாங்க வேண்டியதில்லை, 1885-ஆம் வருடத்துத் தந்திச் சட்டத்தின் அதிகாரமே போதும். கோபுரம் நிற்கிற இடத்துக்கு ஒரு தொகை, கம்பி போகிற பாதைக்குச் சொற்பம். கம்பிக்கு அடியில் தென்னை வைக்கக் கூடாது, வீடு கட்டக் கூடாது, விற்கப் போனால் விலை இல்லை. பட்டியலில் எந்த மாநிலத்தின் எந்தப் பாடத்தில் இந்த இழப்பு கழிக்கப்பட்டது? தேடிப் பாருங்கள், கிடைத்தால் எனக்கும் சொல்லுங்கள்.

நம் வீட்டு அழுக்கையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நியாயம் இல்லை. நெய்வேலி மின்சாரம் கர்நாடகம், கேரளம், ஆந்திரம், புதுச்சேரிக்கும் போகிறது. நிலம் போனது கடலூர் விவசாயிக்கு. 2023 ஜூலையில் வளையமாதேவியில் விளைந்துகொண்டிருந்த நெல்வயலில் பொக்லைன் இறங்கியதைத் தொலைக்காட்சியில் பார்த்தோம். எண்ணூரில் கொசஸ்தலையாற்றுக் கழிமுகத்தில் சாம்பல் படிந்து மீனவர் வலை காலியாகிறது. மற்ற மாவட்டங்களில் குளிர்சாதனப் பெட்டி ஓடுகிறது. மாநிலத்துக்குள்ளேயே ஒரு சத்தீஸ்கர் இருக்கிறது, ஒரு சண்டிகரும் இருக்கிறது.

கட்டுபடியாகும் விலை என்கிற பாடத்துக்கு வருகிறேன். இங்கேதான் நம் ஊரில் அதிகம் ஏமாறுகிறோம். கட்டண அட்டவணையைப் பார்த்து மார்க் போடுகிறார்கள். நம் மாநிலத்தில் 2016 முதல் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். காகிதத்தில் மிக நல்ல மார்க். சென்னையில் ஒண்டுக்குடித்தனத்தில் இருக்கிற நம் பையனைக் கேளுங்கள். வீட்டுக்காரர் சப்-மீட்டர் வைத்து யூனிட்டுக்கு அவர் இஷ்டத்துக்கு ஒரு விலை வாங்குகிறார். இலவசம் வீட்டுக்காரருக்கு, பில் குடியிருப்பவருக்கு. விவசாயத்தில் இலவச மின்சாரம் உண்டு, ஆனால் இணைப்புக்கு எழுதி வைத்துவிட்டு வருடக்கணக்காகக் காத்திருப்பவர்கள் டீசல் எஞ்சின் ஓட்டினார்கள். 2021-இல் ஒரே வருடத்தில் ஒரு லட்சம் இணைப்பு தருகிறோம் என்று அரசு அறிவிக்க வேண்டி வந்தது என்றால், வரிசை எவ்வளவு நீளமாக இருந்திருக்கும்? வரிசையில் நிற்கிறவனுக்கு அட்டவணையில் இடம் இல்லை.

மலிவு என்று காட்டிவிட்டு அந்தப் பாரத்தைக் கடனில் ஏற்றுவதும் மலிவு இல்லை. நம் மின் நிறுவனங்களின் கடன் ஒரு லட்சம் கோடி ரூபாயைத் தாண்டியது. வட்டி யார் கட்டுவது? உங்கள் பிள்ளைகள். பஞ்சாபில் கடன் இன்னொரு வகை. இலவச மின்சாரத்தில் நெல்லுக்கு இறைக்கிற நீர், மண்ணுக்குள் திரும்பிச் சேர்வதைப் போல ஒன்றரை மடங்குக்கும் மேல் என்று மத்திய நிலத்தடி நீர் வாரியம் சொல்கிறது. இரண்டாம் பாடத்தின் மார்க்கை மூன்றாம் பாடத்திலிருந்து திருடி எழுதியிருக்கிறார்கள். பட்டியலில் மூன்றாம் இடம் என்று மட்டும் பார்த்தால் இந்தத் திருட்டு கண்ணுக்குத் தெரியாது.

"அப்படியானால் அளக்கவே வேண்டாமா சார்?" என்று ஒருவன் கேட்பான். யார் கேட்பான் என்றும் தெரியும். அளக்காமல் விட்டால் அதிகாரி சொன்னதே கணக்கு, மந்திரி சொன்னதே விடை. அளந்தே ஆக வேண்டும், நாணயமாக அளக்க வேண்டும். நான் கேட்பது நான்கு:

1. மூன்று பாடத்துக்கும் மூன்று மார்க் தனித்தனியாக முதல் பக்கத்தில் போடுங்கள். ஒவ்வொன்றுக்கும் குறைந்தபட்சத் தேர்ச்சி மார்க் வையுங்கள். ஒன்றில் தவறினால் ரேங்க் கிடையாது.

2. மாநிலச் சராசரி போதாது. மாவட்டவாரியாக, முடிந்தால் பீடர்வாரியாகக் கொடுங்கள். மிக மோசமாக இருக்கிற பத்து சதவீத வீடுகளின் நிலை என்ன என்று ஒரு தனி வரி வேண்டும்.

3. மின்சாரம் எங்கே எரிகிறதோ அங்கே அதன் புகையையும் சாம்பலையும் எழுதுங்கள். வாங்குகிற மாநிலமும் விற்கிற மாநிலமும் பங்கு போட்டுக்கொள்ளட்டும்.

4. விலையைக் குடும்பத்தின் வருமானத்தில் எத்தனை பங்கு என்று அளங்கள், வாடகைக்குக் குடியிருப்போரையும் சேர்த்து. பக்கத்திலேயே, அந்த விலைக்காக வாங்கிய கடனையும் எழுதுங்கள்.

இது செய்ய முடியாதது இல்லை. துணை மின் நிலையத்தில் பீடர் எப்போது நின்றது என்ற பதிவு இருக்கிறது. எந்த மாநிலம் எந்த நிலையத்திடம் எத்தனை யூனிட் வாங்கியது என்ற கணக்கு, காசு கொடுக்க வேண்டியிருப்பதால், காலணா பிசகாமல் இருக்கிறது. விவரம் மேசை மேலேயே இருக்கிறது. கூட்டுகிற கைதான் வேறு மாதிரி கூட்டுகிறது.

கண்ணுகளா, உங்களில் மின்வாரியத்தில் இருக்கிறவர்கள், பத்திரிகையில் இருக்கிறவர்கள், கட்சியில் இருக்கிறவர்கள் எல்லாரும் இதைப் படிப்பீர்கள். அடுத்த முறை ஒரு ரேங்க் பட்டியல் வரும்போது கைதட்டுவதற்கும் திட்டுவதற்கும் முன்னால் மூன்று கேள்வி கேளுங்கள். எதற்கு எத்தனை மார்க்? யாரைக் கூட்டி யாரால் வகுத்தார்கள்? யாருடைய இழப்பு கணக்கிலேயே வரவில்லை? இதற்குப் பதில் சொல்ல முடியாத பட்டியலை மாநிலத்தைப் புகழவும் பயன்படுத்தாதீர்கள், இகழவும் பயன்படுத்தாதீர்கள்.

வீட்டுப்பாடம்: கடந்த ஆறு மின் கட்டண ரசீதை எடுத்து, மொத்தத்தை அந்த ஒரு வருடக் குடும்ப வருமானத்தால் வகுத்து, எத்தனை சதவீதம் என்று கமெண்டில் போடுங்கள். வாடகை வீட்டில் இருப்பவர்கள் வீட்டுக்காரருக்குக் கொடுத்த கணக்கைப் போடுங்கள். வருமானத்தைச் சொல்ல வேண்டாம், சதவீதம் போதும். சென்னையிலும் கரூரிலும் மலையடிவாரத்திலும் இருக்கிற நம்மவர்களின் விடையைப் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.

மறுப்பு இருந்தால் தாராளமாக எழுதுங்கள். கணக்கில் மறுத்தால் பதில் சொல்வேன். கட்சி பேசினால் பெஞ்ச் மேல் ஏற்றிவிடுவேன், வயசு ஐம்பதானாலும் சரி.

நலமாக இருங்கள். பெரியவர்களைப் பார்த்துக்கொள்ளுங்கள்.